ஒத்தக்கொம்பன் முதுகில் ஒரு ராகிக்காடு

ஒத்தக்கொம்பன் ஆனையின் முதுகில் ராகி முளைத்திருக்கிறது என்ற சேதி மலையடிவாரத்து ஈச்சம்பதிக்கு வந்து சேர்ந்தது தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சுள்ளி பொறுக்கப் போன பொம்பளைகள் திரும்பி வந்து, சுமையை இறக்கி வைத்து, ஆளுக்கொரு சொம்பு தண்ணி குடித்து, அதற்கப்புறம்தான் அதைச் சொன்னார்கள். அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், அந்தப் பதிக்கு அது ஒன்றும் தலை போகிற சேதி இல்லை என்று. நாலு விரக்கடை உயரம் வந்திருக்கிறது என்றார்கள். நல்ல பச்சை என்றார்கள். இடப்பக்கத்து விலாவில் நெருக்கமாக விழுந்திருக்கிறது, பிடுங்கிக் கலைத்து நட்டால் தேவலை என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூட ஆனை முதுகில் எப்படி ராகி முளைக்கும் என்று கேட்கவில்லை. யாருடைய ராகி என்றுதான் கேட்டார்கள், கேட்டுவிட்டு எல்லோரும் ஒன்றுபோல மாசாணி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசாணிக்கு அப்போது நாற்பத்தி நாலு வயசு, உழைப்பில் குறை சொல்ல முடியாது, வாயில் வேண்டுமானால் சொல்லலாம். புருஷன் வெள்ளிங்கிரி வனத்துறையில் தினக்கூலிக் காவலன்; பதினோரு வருஷமாகக் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு வனத்துக்குள் நடக்கிறான், பதினோரு வருஷமாகத் தற்காலிகம். வனத்தை ஒட்டின கல்லுச்சரிவில் அவர்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் வெள்ளாமைக் காடு. அதில் மாசாணி போடுவது முடக்கு ராகி. கதிர் விரித்துக்கொண்டு நிற்காது, மூடின கை மாதிரி மடங்கிக்கொண்டு நிற்கும், நாலே நாலு மழை விழுந்தால் போதும், கல்லிலும் விளையும். விவசாய ஆபீசில் கொடுத்த பாக்கெட் ராகியை மூன்று தரம் அந்தச் சரிவில் போட்டுப் பார்த்தாகிவிட்டது, முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. மற்றவர்கள் மக்காச்சோளத்துக்குப் போய்விட்டார்கள், சிலர் ரிசார்ட் வேலைக்கே போய்விட்டார்கள். முடக்கு ராகி விதை என்று ஒன்று இருந்தால் அது மாசாணி காட்டில்தான் இருந்தது. காட்டின் வடகிழக்கு மூலையில் நிற்கிற கதிர்தான் விதைக்கு. அதைத் தனியாக அறுத்து, சாம்பல் போட்டுச் சட்டியில் வைத்து, ஆடி மாதம் மொத்தத்தையும் மண்ணுக்குக் கொடுத்துவிடுவாள், மிச்சம் பிடித்து வைக்கிற பழக்கம் கிடையாது.

ஈச்சம்பதியில் காட்டுக்குள் ஆனை இறங்கினால் எடுத்த எடுப்பில் தகரம் தட்ட மாட்டார்கள், வெடி போட மாட்டார்கள். காட்டுக்காரர் வரப்பில் வந்து நின்று, சத்தம் போடாமல், "பாதி உன்னுது, பாதி என்னுது, மூலை விதைக்கு" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். ஆனை கேட்டுக்கொள்ளும். பாதி என்று சொன்னால் முக்கால் தின்கிற ஆனையும் உண்டு, மனுசனிலும் அப்படி இல்லையா என்ன, ஆனால் மூலையைத் தொட்ட ஆனை என்று ஒன்றை அந்தப் பதியில் யாரும் கண்டதில்லை. இந்த ஒப்பந்தத்துக்குப் பத்திரமும் இல்லை, சீலும் இல்லை.

கார்த்திகை மாதம் அந்த ஒப்பந்தத்தைக் கெடுத்தது ஆனை இல்லை, மாசாணி. கெடுக்க வைத்தது அன்றைக்குக் காலையில் ரேஞ்சர் ஆபீசில் நடந்த கூத்து. போன வருஷத்துப் பயிர்ச்சேதத்துக்கு நிவாரணம் கேட்டு ஆறாவது தரமாகப் போய் நின்றாள். ரேஞ்சர் அருள்மணி கெட்டவர் என்று சொல்ல முடியாது, உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு விதியை எடுத்துச் சொன்னார்.

"மேல கேக்கறாங்கம்மா. ஆனை, சேதமான பயிர், பயிர்க்காரர், மூணும் ஒரே போட்டோவுல இருக்கணும்."

"ஏனுங்கய்யா, ஆனை நிக்கறப்ப நான் பக்கத்துல போயி நின்னா, அந்தப் போட்டோவ அப்பறம் ஆரு கொண்டாந்து உங்ககிட்டக் குடுக்கறது?"

"விதி அப்படிம்மா," என்றார் ரேஞ்சர். டீக்கு அவரேதான் காசு கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பஸ்ஸை விட்டுவிட்டு ஏழு மைல் நடந்து, வயிறு காய்ந்து, பொழுது சாய்கிற நேரத்தில் மாசாணி காட்டுக்கு வந்தால், முற்றின ராகிக்கு நடுவில் ஒத்தக்கொம்பன் நின்றுகொண்டிருக்கிறது. வலக்கொம்பு மட்டும் இருக்கிற கிழட்டு ஆண் ஆனை, பதிக்குப் பழக்கமானது, சொன்னால் கேட்கிறது. அவள் வரப்பில் ஏறினாள். அதுவும் தின்பதை நிறுத்திவிட்டு, இரண்டு காதையும் விரித்து, அந்த மூன்று வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. மாசாணிக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம், ரேஞ்சர் மேலா, விதி மேலா, பஸ் மேலா, பதினோரு வருஷத் தற்காலிகத்தின் மேலா, எல்லாம் சேர்ந்து அந்த வாயில்லாச் சீவன் மேல் விழுந்தது.

"பாதியும் வேண்டா, மூலையும் வேண்டா, அத்தனையும் நீயே எடுத்துக்க. நீயே வெதைச்சு, நீயே வளத்தி, நீயே அறுத்துப் பாரு. அப்பத் தெரியும் எம்பொழப்பு."

ஒத்தக்கொம்பன் சொன்னபடி செய்தது. பாதியைத் தின்றது, மறுபாதியையும் தின்றது, எந்த ஆனையும் தொடாத மூலைக்குப் போய் அதில் ஒரு கதிர் விடாமல் தும்பிக்கையில் சுருட்டிக் கசக்கி முதுகில் தூவியது, காட்டு மண்ணைக் கெல்லி அதன்மேல் போட்டு மூடியது, நடந்து வனத்துக்குள் போய்விட்டது.

அதனால்தான் தை மாதம் சேதி வந்தபோது எல்லோரும் அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மாசாணி நேராக மூப்பர் சடையனிடம் போனாள். பதியில் வழக்கு என்றால் அவர் சொல்வதுதான். அவர் வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தார்.

"வாயால குடுத்துப்போட்டியே கண்ணு. குடுத்தது குடுத்ததுதான்."

"கோவத்துல சொன்னது மாமா."

"ஆனைக்கு என்ன தெரியும், கோவத்துல சொன்னது எது, சந்தோசத்துல சொன்னது எதுன்னு. ஆனா ஒண்ணு கேளு. வெதைச்சுப் பாருன்ன, வெதைச்சுப்போட்டுது. வளத்திப் பாருன்ன, வளத்துது. அறுத்துப் பாருன்னும் சொல்லியிருக்கற. அருவா புடிச்சு அறுக்கறது ஆனையால ஆகற காரியமா? ஆகாது. கதிர் முத்துனதும் அது உன்னையத் தேடித்தான் வந்தாகோணும். வந்தா, அன்னிக்காவது வாய அடக்கிக்கிட்டு, மொறையாச் சொல்லிக் கேட்டு வாங்கிக்க."

அது நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். அன்று முதல் மாசாணியைக் காட்டில் வெள்ளாமை நிற்கிறவளாகவே பதி நடத்தியது. அவள் ஒன்றேகால் ஏக்கர் வெறும் கல்லாகக் கிடந்தது, ஆனாலும் எதிரில் வருகிறவர்கள் பயிர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். வனத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்: இன்றைக்கு அணைத்தண்ணியில் இறங்கிக் குளித்தது, பாய்ச்சல் ஆகிவிட்டது என்றார்கள், முதுகு அரித்தாலும் மரத்தில் உராய மாட்டேன் என்கிறது, பாவம், பயிர் நசுங்கும் என்று பொறுத்துக்கொள்கிறது என்றார்கள், வெள்ளைக்கொக்கு நாலு மேலேயே உட்கார்ந்து புழுப் பொறுக்குகிறது என்றார்கள், தினமும் மண்ணை வாரி வேருக்கு அணைக்கிறது, நம்மைவிட நன்றாகவே பண்ணையம் பார்க்கிறது என்று ஒருத்தி சொல்லப்போக, மாசாணி அவளோடு ரெண்டு நாள் பேசவில்லை. மேகம் கூடினால் ஆம்பளைகள் ஆனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மழை நல்லதா கெட்டதா என்று பேசினார்கள்.

ஊர் இப்படி அமைதியாக ஒரு அறுப்புக்குக் காத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம். மாசி மாதம் ஜீப்பில் வனம் பார்க்க வந்த ஒருத்தர் ஒத்தக்கொம்பனைப் போட்டோ எடுத்துச் செல்போனில் ஏற்றிவிட்டார். அவ்வளவுதான். ரெண்டே வாரத்தில் மலையடிவாரம் முழுக்கக் கார், ரிசார்ட்டில் இடமில்லை, வனத்துக்குள் காலையில் பன்னிரண்டு ஜீப் போய்க்கொண்டிருந்தது நாற்பது ஜீப் ஆனது. டிக்கெட் விலை மூன்று மடங்கு ஏறியது. ஒத்தக்கொம்பனுக்குப் 'பசுமைக் களிறு' என்று பேர் வைத்தார்கள்; பதியில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது என்று சிரித்தார்கள். ஊருக்கே பெருமை என்றார்கள் வந்தவர்கள். பெருமையை வைத்துக்கொண்டு மாசாணி என்ன களி கிண்டுவதா?

பங்கு உண்டு என்று சட்டம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. வனத்தை ஒட்டின பதிகளுக்குச் சுற்றுலா வருமானத்தில் பங்கு என்று பெரியவர்கள் எங்கோ உட்கார்ந்து நல்ல மனசோடு எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பங்கு ஈச்சம்பதிக்கு வந்துகொண்டும் இருந்தது. முதலில் வந்தது ஒரு போர்டு. பதிக்குள் நுழைகிற இடத்தில் நட்டார்கள், 'வன வருவாயில் உங்கள் பங்கு' என்று பச்சை எழுத்து, பக்கத்தில் சிரிக்கிற ஆனை. அடுத்தது இரண்டு குப்பைத்தொட்டி, ஒன்று மக்குகிற குப்பைக்கு, ஒன்று மக்காத குப்பைக்கு. அதில் போடுவதற்குப் பதியில் குப்பை இல்லாததால் கோழி அடைத்தார்கள். அதற்கடுத்தது பாரம்பரிய நடனப் பயிற்சி. டவுனிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து, அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆடுகிற ஆட்டத்தை அவர்களுக்கே ஒன்று ரெண்டு மூன்று எண்ணிச் சொல்லிக்கொடுத்து, ரிசார்ட்டில் ஆட வைத்தார். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் நன்றி கெட்டதுகள் என்பார்கள்.

நாலாவதாக அகழி வந்தது. ஆனை வராமல் பதியைச் சுற்றிப் பத்தடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிக் கொடுங்கள் என்று பன்னிரண்டு வருஷமாக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன விஷயம் அது. பங்குனி மாதம் ரேஞ்சரே பதிக்கு வந்து, உங்கள் பங்கில் வெட்டித் தருகிறோம், சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். பதியே ஆடிப்போய்விட்டது சந்தோஷத்தில். ஆனையால் அதிகம் தோற்றவள் மாசாணி என்பதால் முதல் கையெழுத்து அவளுக்குத்தான் என்று மூப்பர் சொன்னார். அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டாள். இந்த வருஷம் ஆனை வந்தே ஆக வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை, தீர்ப்புச் சொன்ன மூப்பருக்கும் வரவில்லை, ஒரு குஞ்சுக்கும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒன்றையே கேட்டுக் கேட்டு, கிடைக்காமல் கிடைக்காமல், கடைசியில் கிடைக்கிற அன்றைக்கு எதற்குக் கேட்டோம் என்பதே புத்தியிலிருந்து போய்விடுகிறது. மண்தோண்டி இயந்திரம் வந்து ஒன்பது நாளில் வெட்டி முடித்துவிட்டுப் போனது.

சித்திரையில் பயிர் பூட்டைக்கு வந்து கதிர் தள்ளிவிட்டது என்று கேள்விப்பட்டதும் மாசாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் காட்டைத் தானே ஒரு தரம் பார்க்க வேண்டும். புருஷனைக் கேட்டாள்.

"நீங்க தெனமும் அதும் பின்னாலதான நடக்கறீங்க. ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"என்ன புள்ள பேசற. இந்த ஜீப்புக் கூட்டம் வந்ததுலருந்து டிக்கெட் இல்லாம பதி ஆளுகளக்கூட உள்ள உடக்கூடாதுன்னு ஆர்டரு. என் நெரந்தர பைல் ரேஞ்சர் மேசையில கெடக்குது." வெள்ளிங்கிரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "களை கம்மியாத்தான் இருக்குது. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறவனைத் தெரியாதா. மாசாணி இருந்த ஒரே வெள்ளாட்டுக்கிடாவை விற்று, மூப்பர் மகளின் செல்போனில் டிக்கெட் போட்டு, மதராஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து தன் காட்டைப் பார்க்கப் போனாள். மூங்கில் வளைவில் ஒத்தக்கொம்பன் நின்றது. எட்டு முழம் தள்ளி, கழுத்திலிருந்து வால் வரைக்கும், மடங்கின கதிராக, பால் பிடித்து நின்றது அவள் ராகி. அவள் வயசில் அப்படி ஒரு விளைச்சலை அந்தக் கல்லுச்சரிவு தந்ததில்லை. அழுகை வந்தது, அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது, ஏனென்றால் வால் பக்கம் கோரை ஒரு கொத்து தலைக்கு மேல் வளர்ந்து நின்றது, அதை யாரும் பிடுங்கவில்லை. எழுந்து கையை நீட்டி, "அந்தக் கோரையப் புடுங்குங்க யாராச்சும்" என்றாள் சத்தமாக. வனத்துக்குள் சத்தம் போட்டதற்கு, கை நீட்டியதற்கு, சீட்டில் எழுந்து நின்றதற்கு என்று மூன்று அபராதம் எழுதினான் டிரைவர். பக்கத்து சீட்டுக்காரர் அந்தச் சமயம் பார்த்து ஒரு போட்டோ எடுத்தார்.

அந்தப் போட்டோ 'வனமும் மக்களும்' என்று பெரிய போஸ்டராகி ரேஞ்சர் ஆபீஸ் சுவரிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டப்பட்டது. ஆனை இருந்தது, ராகி இருந்தது, கை நீட்டிக்கொண்டு மாசாணி இருந்தாள். அவள் ஒன்றைக் கிழியாமல் உரித்து, சுருட்டி, ரேஞ்சர் மேசையில் கொண்டுபோய் விரித்தாள்.

"கேட்டீங்களே ஐயா. மூணும் ஒரே போட்டோவுல இருக்குது."

ரேஞ்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உண்மையாகவே உற்றுப் பார்த்தார். "இருக்குதும்மா. ஆனா பயிர் சேதமாகலையே. நல்லா வெளைஞ்சிருக்குதே."

மாசாணி அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

வைகாசி பிறந்து நாலாம் நாள் கதிர் முற்றியது. மூப்பர் சொன்னது அட்சரம் பிசகவில்லை. ஒத்தக்கொம்பன் கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிளம்பி, நேராக மாசாணி காட்டைப் பார்த்து நடந்து, அகழிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. முன்னங்காலை நீட்டி விளிம்பைத் தட்டிப் பார்த்தது, மண் சரிந்தது, காலை எடுத்துக்கொண்டது. கிழக்கே போய்ப் பார்த்தது, மேற்கே போய்ப் பார்த்தது, திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றது. இந்தப் பக்கம் மாசாணி அரிவாளோடு நின்றாள். நடுவில் பன்னிரண்டு வருஷத்து மனு பத்தடி ஆழத்துக்குக் கிடந்தது. முதல் நாள் நின்றது, ரெண்டாம் நாள் நின்றது. மைனாவும் கிளியும் வந்து முதுகில் இறங்கின, அது காதால் விசிறி விசிறி ஓட்டியது. வெயில் ஏற ஏறக் கதிர் காய்ந்தது. இனி ரெண்டு நாள் போனால் மணி தானாக உதிர்ந்துவிடும், ஆடிக்கு விதை இல்லை, ஆடிக்கு இல்லை என்றால் முடக்கு ராகி இனி எப்போதும் இல்லை. ஆனை அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதால் அகழிக்கரைக் காட்சி என்று தனி டிக்கெட் போட்டு, மாலையில் வரிசையாக ஜீப்பை நிறுத்தினார்கள்.

மாசாணி ரேஞ்சரிடம் ஓடினாள். ஒரு பத்தடி அகலத்துக்கு மண்ணைத் தள்ளி மூடிக் கொடுங்கள், ஆனை வந்து கொடுத்துவிட்டுப் போகட்டும், நாங்களே திரும்ப வெட்டிக்கொள்கிறோம் என்று கெஞ்சினாள். காலில் விழவில்லை, அதுதான் பாக்கி.

"அகழி நீங்க கேட்டதுதானம்மா," என்றார் அருள்மணி. "உங்க பங்குல வெட்டினது. முதல் கையெழுத்தே உங்களுது. அரசாங்கச் சொத்தை இப்ப நான் எப்படி மூட?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பதியில் கேட்டாள், மம்பட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று. மூப்பர் தலை குனிந்துகொண்டார். ரிசார்ட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அந்த ஆனையை நம்பி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் வரவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, எதிர்க்கரையில் ஜீப்புகள் நிற்க, மாசாணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேரைப் பிடித்து அகழிக்குள் இறங்கினாள். இறங்கி, ஆனைக்கு நேர் கீழே வந்து, முந்தானையை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு நின்றாள். மேலே விசில் அடித்தார்கள். ரேஞ்சர் ஓடிவந்தார்.

"ஏம்மா, மேல வந்துரும்மா. அங்க ஆபத்து."

"ஆபத்து மேலதானுங்கய்யா இருக்குது."

"வெள்ளிங்கிரி, உன் சம்சாரத்தத் தூக்குய்யா மேல."

வெள்ளிங்கிரி பதிப் பக்கத்துக் கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். மாசாணி அந்தக் கையைப் பார்த்தாள்.

"கையி வேண்டாமுங்க. அந்தச் சட்டையக் கழட்டி விரிச்சுப் புடிக்கறதுன்னா எறங்கி வாங்க."

அவன் இறங்கவில்லை. நீட்டின கையையும் எடுக்கவில்லை. அவள் அவனை விட்டுவிட்டு அண்ணாந்து ஆனையைப் பார்த்தாள். ஆறு மாசமாக நாக்கில் வைத்திருந்ததை, சத்தம் போடாமல், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னாள்.

"பாதி உன்னுது, பாதி என்னுது, மூலை விதைக்கு."

மூன்று தரம் சொன்னாள். ஒத்தக்கொம்பன் காதை விரித்துக் கேட்டது. கேட்டுவிட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது, மறுபடி உலுக்கியது. ராகி மழையாகக் கொட்டியது, தலையில் கொட்டியது, கண்ணில் கொட்டியது, முந்தானை கனத்துக் கை தாழ்ந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனை அவளை ஒரு தரம் தும்பிக்கையால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது, அதன் முதுகில் தாள் மட்டும் நின்றது.

ஏணி போட்டு அவளை மேலே ஏற்றினார்கள். முந்தானையிலிருந்த ராகியோடு பள்ளத்தில் சிந்தினதையும் கூட்டி அள்ளி, வனவிலங்கின் உடம்பிலிருந்து எடுத்த வனப்பொருள் என்று எழுதி, சாக்கில் போட்டுக் கட்டி, அரக்கு வைத்தார்கள். கேஸ் வேண்டாம், மன்னிப்புக் கடிதம் போதும் என்றார் ரேஞ்சர், நல்ல மனுசன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. வெள்ளிங்கிரி போட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது மாசாணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. வெள்ளிங்கிரி காக்கிச்சட்டையைக் கழற்றி அவளுக்குப் பின்னால் தரையில் விரித்து, உட்கார்ந்து, அவள் கொண்டையை அவிழ்த்தான். எண்ணெய்த் தலை, அள்ளி முடிந்த கொண்டை. விரலால் கோதக் கோத, ஒவ்வொன்றாக, செம்மணி செம்மணியாகச் சட்டையில் உதிர்ந்தது. காதுமடலுக்குப் பின்னாலிருந்து எடுத்தான், பின்கழுத்து மடிப்பிலிருந்து எடுத்தான், இருட்டுகிற வரைக்கும் பேன் பார்க்கிறவன் மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு உள்ளங்கைக்கு இருக்குது புள்ள," என்றான்.

மாசாணி திரும்பாமலே கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். "மூலைக்கு ஆகும்," என்றாள்.

சாக்கிலிருந்ததை ரேஞ்சர் ஆபீசில் எறும்பு தின்று தீர்த்தது. ஆனை முதுகு மொட்டையானதும் கார் குறைந்தது, ஏறின டிக்கெட் விலை மட்டும் இறங்கவில்லை. ஆடி முதல் மழைக்கு மாசாணி வடகிழக்கு மூலையில் பாய் அகலத்துக்கு நாற்றங்கால் விட்டாள். கோழி கிளறாமல் மூடிவைக்க ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிங்கிரி காக்கிச்சட்டையோடேயே போய், பதி வாசலிலிருந்த 'உங்கள் பங்கு' போர்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து அதன்மேல் சாய்த்து மூடினான். போர்டு காணாமல் போனதாகப் பதிவாகி, அந்த வருஷத்துப் பங்காக ஈச்சம்பதிக்குப் புது போர்டு வந்தது.

விதை விட்ட மறுநாள் விடியலில் அகழிக்கு அந்தப் பக்கம் ஒத்தக்கொம்பன் வந்து நின்றது, வெறும் முதுகோடு. மூலை விதையில் பங்கு கொடுக்கிற வழக்கம் பதியில் கிடையாது. இருந்தாலும் அவள் ஒரு சிட்டிகை தனியாக முடிந்து வைத்திருந்தாள். அதை ஒரு மண்ணாங்கட்டியோடு சேர்த்து அக்கரைக்கு எறிந்தாள்.

"இந்தா, உம்பங்கு. பங்குன்னா இதுதான். வாயில போட்டுக்க."

ஆனை தும்பிக்கையால் துழாவி எடுத்தது. வாயில் போடவில்லை. மண்ணோடு சேர்த்து முதுகில் தூவி, மேலே இன்னும் ரெண்டு பிடி மண்ணை வாரிப் போட்டு மூடிக்கொண்டது.

"அட சாமி, திங்கறதுக்குத்தான குடுத்தேன்," என்று மாசாணி தலையில் கைவைத்துக்கொண்டாள். மூங்கில் வளைவுப் பக்கம் முதல் ஜீப் வருகிற சத்தம் கேட்டது. அவள் அகழி விளிம்புக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "போ, உள்ள போ. மொளைக்கறது இவங்க கண்ணுல படாத எடமாப் பாத்து நில்லு. முத்துனா இந்தப் பக்கமா வராத, ஆளு சொல்லி உடு, நானே வர்றேன்."

ஒத்தக்கொம்பன் காதை விரித்துக் கேட்டது, திரும்பி மூங்கிலுக்குள் போனது. ஜீப் அகழிக்கரைக்கு வருவதற்குள் மாசாணி குடத்தை எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குத் தண்ணி தெளிக்கப் போய்விட்டாள்.